தனியில்லும் அலரும்

'இல்' என்னும் சொல் தமிழில் வீட்டையும் குறிக்கும், இல்லாளையும் குறிக்கும், அவளோடு நிகழ்த்தும் வாழ்க்கையையும் குறிக்கும். 'மனை' என்பதும் அன்னதே. வீடு என்பது மணத்தாலும் மக்களாலும் நிரம்புவது என்னும் கருத்துச் சொல்லிலேயே உறைந்து கிடத்தலின், மணமாகாத ஒருவர் தாமாகவே ஓர் அறையைக் குடிக்கூலிக்குப் பெற்று, பூட்டித் திறந்து, அதனைத் தம் இருப்பிடம் என்று சொல்லிக்கொள்ளும் வாழ்வுக்கு நம் பழைய சொற்களுள் ஒன்றேனும் செவ்வனே பொருந்துவதில்லை. துறவிக்குப் பள்ளி உண்டு. ஓதற் பொருட்டுப் பிரிந்தார்க்கு ஆசிரியன் மனை உண்டு. வழிச்செல்வார்க்குச் சத்திரம் உண்டு. இம்மூவகையினும் அடங்காது, நகரின் நடுவே தனித்து உறையும் இளைஞர்க்கும் நங்கையர்க்கும் இலக்கியம் எவ்வாறு இடம் தந்தது என்பதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு யாம் முதன்மையாக எடுத்துக்கொள்வது ஆங்கிலத்தில் எழுந்த ஒரு குறும்புதினம். அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டிஃபனியில் காலையுணவு' என்னும் அந்நூல், இரண்டாம் உலகப்போர்க் காலத்து நியூயார்க்கில், மணவாழ்வுக்குப் புறத்தே ஒரே கட்டடத்தின் தனித்தனி அறைகளில் வாழ்ந்த இளையோரைப் பற்றியது. இதனைத் தமிழ்த்துறை ஆய்விதழில் ஆராய்தல் வேண்டுமோ என வினவுவார் இருத்தல் கூடும். அகத்திணை மரபில் நுணுகி ஆராயப்பட்ட 'அலர்' என்னும் கருத்தினை அளவுகோலாகக் கொண்டாலன்றி இந்நூலின் உட்பொருள் முழுதும் புலனாகாது என்பது எம் கருத்து. ஆங்கிலத் திறனாய்வு மரபில் அதற்கு நேரான கலைச்சொல் இல்லை.

முதற்கண் அவ்வில்லினை நோக்குவாம். நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், எழுபதாம் எண்ணை ஒட்டிய தெருக்களுள் ஒன்றில் அமைந்த பழுப்புக்கல் மாளிகை அது. இவ்வகை வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில், வசதி படைத்த குடும்பம் ஒன்று வாழ்தற்கென்றே எழுப்பப்பெற்றவை. பின்னர் அக்குடும்பங்கள் அகல, தளந்தோறும் தடுப்புச் சுவர் எழுந்து, ஓரறை ஈரறை இருப்பிடங்களாக அவை சிதைந்தன. கதை கூறுவான் வாழும் ஓரறையிலும் மேல்மாடியில் ஒதுக்கிய பழந்தட்டுமுட்டுகளே நிறைந்துள்ளன. குடும்பம் விட்டுச்சென்ற ஓட்டினுள் நண்டு புகுந்து வாழ்ந்தாற்போன்ற வாழ்வு அது. 1940-இல் அமெரிக்க இல்லங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டே தனியொருவர் வாழ்ந்தவை. 2020-இன் குடிக்கணக்கில் அது நூற்றுக்கு இருபத்தெட்டை எட்டியது. எனவே கபோட்டி எழுதியது பெருவழக்காகிவிட்ட ஒன்றைப் பற்றியன்று. அரும்பும் நிலையில் இருந்த ஒன்றைப் பற்றி என்பதனை மறத்தலாகாது.

அக்காலத்து நங்கையர்க்கு வேறு வழியும் இருந்தது. அதே நகரின் கிழக்கு அறுபத்து மூன்றாம் தெருவில் 1927-இல் திறக்கப்பெற்ற பார்பிசான் என்னும் மகளிர் விடுதியில் மேல்தளங்களுக்கு ஆடவர் செல்லுதல் விலக்கப்பட்டிருந்தது. அது மகளிர்க்கே உரிய விடுதியாக 1981 வரை நிலவியது. சில்வியா பிளாத் 1963-இல் வெளியிட்ட புதினத்தில் வேறு பெயரோடு வருவதும் அவ்விடுதியே. நம் இலக்கணத்தார் இற்செறிப்பு என்று கூறுவதனைக் கூலி பெற்றுக்கொண்டு அயலார் நிகழ்த்திய இடம் என அதனைக் கூறின் மிகையாகாது. கபோட்டியின் தலைவி ஹாலி அங்குச் சென்றிலள் என்பதே அவளைப் பற்றி நாம் அறியும் முதற்செய்தி போன்றது.

நூலின் தொடக்கத்தில் கதை கூறுவான், தன் சட்டைப்பையில் கைவிட்டு அறையின் திறவுகோலைத் தொடுந்தோறும் உள்ளம் கிளர்ந்ததாகக் கூறுகின்றான். அறை இருண்டது, பொருள்கள் அழகற்றவை, ஆயினும் தனக்கென வாய்த்த முதல் இடம் அது. அவன் நூல்களும், கூர்செய்ய வேண்டிய எழுதுகோல்களும் அங்கு உள்ளன. எழுத்தாளன் ஆதற்கு வேண்டுவன யாவும் அங்கு உள எனக் கருதுகின்றான். சில பக்கங்கள் கடந்தபின் ஹாலியைக் காண்கின்றோம். அவளிடம் திறவுகோல் இல்லை. எத்தனை முறை செய்வித்தாலும் தொலைத்துவிடுகின்றாள். நள்ளிரவில் வந்து மேல்தளத்தார் வீட்டு மணியை அழுத்தி அவரை எழுப்புகின்றாள். அவர் சினந்தபின் நம் கதை கூறுவானின் மணியை அழுத்தத் தொடங்குகின்றாள். இருவரும் ஒரே கூரையின்கீழ்த் தனித்து வாழும் இளையோரே. ஒருவன் தனிமையைத் திறவுகோலாகக் கையகப்படுத்தி மகிழ்கின்றான்; மற்றவள் அதனைத் தொலைத்துத் தொலைத்து அயலாரை எழுப்புகின்றாள். நகரத் தனிவாழ்வின் இருவேறு மனப்பாங்குகளை இதனினும் எளிய ஒரு பொருள்கொண்டு காட்டுதல் அரிது.

ஹாலியின் அஞ்சற்பெட்டியில் செருகிய அட்டையில் அவள் பெயருக்குக் கீழ், ஊரும் தெருவும் இருத்தற்குரிய இடத்தில், 'பயணத்தில் உள்ளாள்' என்னும் பொருள்படும் ஒரு சொல் அச்சிடப்பட்டுள்ளது. அறையினுள் பெட்டிகளும் பிரிக்காத மரக்கூடுகளுமே தட்டுமுட்டுகள். அவள் வளர்க்கும் செந்நிறப் பூனைக்குப் பெயர் இல்லை. தாமிருவரும் ஒருவர்க்கொருவர் உரியரல்லர் என்றும், தனக்குப் பொருந்திய இடம் ஒன்று வாய்க்கும்வரை எதனையும் உடைமையாகக் கொள்ளப்போவதில்லை என்றும் அவள் கூறுகின்றாள். கதை கூறுவானுக்கும் நூல் முழுதும் இயற்பெயர் இல்லை. தன் உடன்பிறந்தானின் பெயரால் 'ஃப்ரெட்' என்றே ஹாலி அவனை அழைக்கின்றாள். அகத்திணையிலும் தலைமக்கள் இயற்பெயர் பெறார் என்பதனை யாவரும் அறிவர். ஆனால் ஈண்டுள்ள வேற்றுமை கருதற்பாலது. நம் மரபில் பெயர் சுட்டாமை, அவ்வொழுக்கம் மக்கள் எல்லார்க்கும் பொதுவாதல் பற்றியது. இங்கோ பெயர் இன்மை, எவர்க்கும் எவரும் உரியர் ஆகாமை பற்றியது.

ஹாலியைப் பரத்தை என வகைப்படுத்தி அமைதல் எளிது. செல்வர் சிலர் தரும் பொருளால் அவள் வாழ்கின்றாள் என்பதும் உண்மையே. ஆயினும் மருதத்துப் பரத்தைக்குச் சேரி உண்டு. சேரிக்கு ஊரில் இடம் உண்டு. அவளால் நேரும் ஊடலுக்குத் தலைவன் மனையே களமாகும். மனைவாழ்வின் ஒழுங்கினுள் அவளும் ஒரு பகுதி. ஹாலியோ எவர் மனைக்கும் எதிர்நிலையாக அமைந்தாளல்லள். மேலும் அவள் பதினான்கு வயது நிரம்பும் முன்னரே, டெக்சாசு நாட்டுப்புறத்தில், மக்களையுடைய கால்நடை மருத்துவர் ஒருவர்க்கு மனைவியாகி, அவ்வில்லை நீங்கி வந்தவள். அவர் அவளைத் தேடி நகர்க்கு வரும் பகுதி நூலின் மிக இரங்கத்தக்க பகுதிகளுள் ஒன்று. அம்முதியவர் கொடியவரல்லர், உண்மையில் அன்புடையவர். அவ்வன்பினின்றே அவள் ஓடினாள் என்பதுதான் சிக்கல். பொருந்தாத வயதில் பூண்ட இல்லறம் இல்லறமாமோ என்னும் வினாவினை ஆசிரியர் எழுப்பி, விடை கூறாது விடுகின்றார்.

இனி அலர்க்கு வருவாம்.

அம்பல் முகிழ் போன்றது. அலர் விரிந்த பூப்போன்றது என வேற்றுமை கூறுவர் நம் முன்னோர். திருவள்ளுவர் அலரறிவுறுத்தல் என ஓரதிகாரமே வகுத்தார். அலரால் காமம் மிகும், களவு வெளிப்படும், தோழி அதனைக் காட்டி வரைவு கடாவுவாள். ஊரார் வாய் கொடிதாயினும், அதன் பயன் தலைமக்களை மணத்தின்பால் உய்த்தலாகவே பெரும்பாலும் முடிகின்றது. அன்றியும் தொல்காப்பியர் செய்யுளியலில் ஒரு நுட்பம் கூறுவர்: ஊரும் அயலும் சேரியோரும் முதலானோர்க்கு நேரே கூற்று நிகழ்த்தும் உரிமை இல்லை, அவர் கூறியதாகப் பிறர் எடுத்து மொழிதலே உண்டு. அலர் அகப்பாட்டில் எங்கும் ஒலிக்கின்றது; ஆனால் அலர் தூற்றும் வாய் தானே வந்து பேசுவதில்லை. தலைவியின் நெஞ்சிலும் தோழியின் நாவிலும் வடிந்தே அது நம்மை அடைகின்றது. இதனால் அதன் கொடுமை தணிகின்றது என்பதோடு, அது உறவினர் நடுவே வழங்குவது என்பதும் பெறப்படும்.

கபோட்டியின் கட்டடத்தில் அயலிலாட்டி நேரே பேசுகின்றாள். இசைப்பாடகியாகிய சபீயா ஸ்பனெல்லா என்பாள், ஹாலி ஒழுக்கத்திற்கு ஒவ்வாதவள் என்றும் அவளை வெளியேற்ற வேண்டும் என்றும் ஒரு விண்ணப்பம் எழுதிக் குடியிருப்போரிடம் கையொப்பம் கேட்டுச் செல்கின்றாள். அலர் தாளில் ஏறிவிட்டது. அது சென்று சேரும் இடம் தாயின் செவி அன்று. தமையனின் செவி அன்று. ஆகவே அதனால் வரைவு நிகழ்தற்கு வழியில்லை. வெளியேற்றம் ஒன்றே நிகழ்தல் கூடும். உறவின் நடுவே எழும் அலர்க்கும் வாடகை உடன்படிக்கையின் நடுவே எழும் அலர்க்கும் உள்ள வேற்றுமை இதுவே என்க.

கதை கூறுவான் அவ்விண்ணப்பத்தில் கையொப்பமிட மறுக்கின்றான். ஆனால் அப்பெண்ணின் முறையீட்டிற்குக் காரணம் இல்லாமல் இல்லை எனத் தன்னுள் எண்ணியதாகவும் ஒப்புக்கொள்கின்றான். நூலின் நேர்மை ஈண்டுத்தான் நிற்கின்றது. தோழமையால் கை மறுக்க, உள்ளத்தில் அம்பல் முகிழ்க்கின்றது. அவனைத் தோழன் என்பதா, பாங்கன் என்பதா, கண்டோருள் ஒருவன் என்பதா? சுவருக்கு அப்பால் வாழ்வதனாலேயே அணுக்கனாகி, சுவர் உள்ளதனாலேயே பொறுப்பேலாதவனாகவும் அமையும் இவ்வயலில்லான் தமிழ்க் கூற்றுமரபு அறியாத ஒரு புதிய மாந்தன். தனியறை வாழ்வின் இலக்கியம் முழுதும் இவன் குரலிலேயே எழுதப்படும் போலும்.

இறுதியில் ஹாலி நகரை நீங்கியபின், அவ்வறைக்கு ஓர் இளைஞன் குடிவருகின்றான். அவனைக் காண வருவோரும் ஆடவரே. எண்ணிக்கையிலும் ஆரவாரத்திலும் ஹாலியின் விருந்தினர்க்கு அவர்கள் குறைந்தவரல்லர். எனினும் அவ்வயலிலாட்டி முறையிடவில்லை, அவனைச் சீராட்டுகின்றாள், அவன் கண் வீங்கிய நாள்களில் இறைச்சி கொணர்ந்து தருகின்றாள். இச்செய்தி ஒரு வாக்கியத்தில் கடந்து செல்வது. நாம் அறிந்தவரை பலரும் இதனை நகைச்சுவை எனக் கருதி விட்டுவிடுவர். எம்மளவில் இவ்வொரு வாக்கியம் முந்திய விண்ணப்பத்தின் பொய்ம்மையை முழுதும் வெளிப்படுத்துகின்றது. ஒழுக்கம் பற்றிய முறையீடு அன்று அது. தனித்து வாழும் பெண்ணைப் பற்றிய முறையீடு.

ஹாலியை விடுதலையின் உருவமாகப் போற்றுவோர் உளர். எலன் கர்லி பிரவுன் 1962-இல் மணமாகா நங்கையர்க்கென எழுதிய புகழ்பெற்ற அறிவுரை நூலில், தனக்கென ஓர் இருப்பிடம் பெறுதலை இன்றியமையாததாக வற்புறுத்தினார். அவ்வலையில் ஹாலியையும் சேர்த்தெண்ணுதல் எளிதாயிற்று. ஆனால் புதினத்தின் நடுப்பகுதி அதற்கு இடந்தரவில்லை. போர்க்களத்தில் உடன்பிறந்தான் மாய்ந்த செய்தி வந்த அன்று அவள் அறையிலுள்ளவற்றை உடைத்து நொறுக்குகின்றாள். உலகில் அவளுக்கு எஞ்சியிருந்த ஒரே உறவு அற்றது. அதன்பின் அவள் செய்வது யாது? ஹோசே என்னும் பிரேசில் நாட்டானோடு வாழத் தொடங்கி, சமைக்கின்றாள், தட்டுமுட்டுகள் வாங்குகின்றாள், அவன் மொழியைக் கற்கின்றாள், கருவுறுகின்றாள். மரக்கூடுகளின் நடுவே வாழ்ந்திருந்தவளே இல்லறத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்குகின்றாள். இல்லை வெறுத்தவள் செய்யும் செயலோ இது? உறவிருந்த காலத்து இல் வேண்டாதவளாகவும், உறவற்றபின் இல்லை நாடுபவளாகவும் அவளை ஆசிரியர் படைத்திருத்தல் நோக்கத்தக்கது.

அவ்வில் நிலைபெறவில்லை. சிறையிலிருந்த கள்ளவணிகத் தலைவன் ஒருவனைக் கிழமைதோறும் கண்டுவந்து, தான் அறியாமலே அவன் குழுவினர்க்குச் செய்தி சுமந்த பழியால் அவள் சிறைப்படுகின்றாள். செய்தித்தாள்கள் அவள் பெயரைப் பரப்புகின்றன. கருவும் சிதைகின்றது. ஹோசே ஒரு மடல் அனுப்பித் தன் குடும்பத்தையும் பெயரையும் காக்க வேண்டும் எனக் கூறி விலகுகின்றான். அகத்திணையில் அலர் கண்டு தலைவன் வரைந்து கொள்வான். இங்கு அலர் கண்டு தலைவன் ஓடுகின்றான். ஒரே வினைக்கு விளைவு இவ்வாறு தலைகீழாதற்குக் காரணம் ஹோசேயின் கோழைமை மட்டும் அன்று. அவனைத் தடுத்து நிறுத்தி வரைவு கடாவுதற்குத் தோழி இல்லை. அறத்தொடு நிற்றற்குச் செவிலி இல்லை. அவ்விடத்தில் இருப்பவன் அம்மடலைக் கையில் கொணர்ந்து தரும் அயலில்லான் ஒருவனே.

1961-இல் வெளிவந்த திரைப்படம் இவ்வெறுமையைப் பொறுக்கவில்லை. கதை கூறுவானுக்குப் பெயரிட்டு, அவனையே காதலன் ஆக்கி, மழையில் பூனையைக் கண்டெடுத்து இருவரையும் கூட்டி முடிக்கின்றது. வரைவு வந்துவிட்டது, கதை போயிற்று. (மேல்தளத்து சப்பானியரை இழிநகையாக்கிய குறையைப் பிறர் பலர் கூறியுள்ளனர், ஈண்டு விரித்திலம்.)

தமிழில் இதனோடு வைத்து எண்ணத்தகும் நூல் அசோகமித்திரன் எழுதி 1973-இல் நூலாக வந்த 'தண்ணீர்' என யாம் கருதுகின்றோம். இடமும் காலமும் வேறு. இருப்பிடமும் நகர்நடு அடுக்ககம் அன்று. சென்னையில் ஒரு வீட்டைப் பகுத்து வாடகைக்கு விட்ட பகுதி. ஆயினும் ஒருவகையில் ஒற்றுமை உண்டு. இதுவும் குடும்பம் ஒன்றிற்கென எழுந்து, பின் பல குடித்தனங்களாகக் கூறுபட்ட வீடே. அங்கு ஜமுனாவும் தங்கை சாயாவும் பெரியோர் காவலின்றி வாழ்கின்றனர். ஜமுனா மணமாகாதவள், திரைப்பட வாய்ப்பு வாங்கித் தருவதாகக் கூறிவரும் பாஸ்கர் ராவின் வலையில் பட்டவள். சாயாவின் கணவன் படையில் தொலைவில் உள்ளான். தமக்கையின் ஒழுக்கம் பொறாது அவள் மகளிர் விடுதிக்குச் செல்கின்றாள். ஈண்டும் ஒரு பார்பிசான்!

அயலார் அலர் தூற்றாமல் இல்லை. ஆனால் நகரில் தண்ணீர்ப் பஞ்சம். அலர் தூற்றும் வாய்க்கு உரியவளும், அலர் சுமப்பவளும் ஒரே குழாயடியில் குடத்தோடு நிற்க வேண்டியுள்ளது. நியூயார்க்கில் தண்ணீர் சுவருக்குள்ளேயே ஓடி வருதலின் எவரும் எவர் முகத்தையும் பார்க்க வேண்டுவதில்லை. மணியை அழுத்தினால் மட்டுமே தொடர்பு. சென்னையிலோ குழாய் வறண்டமையால் ஜமுனா தெருவில் இறங்கி அயல்வீட்டு வாயிலில் நிற்கின்றாள். ஹாலியின் திறவுகோல் ஆற்றாத ஒன்றை ஜமுனாவின் குடம் ஆற்றுகின்றது. தன்னை மாய்த்துக்கொள்ள முனைந்து பிழைத்த அவளுக்கு, நோயுற்ற கணவனையும் மாமியாரையும் சுமந்து வாழும் ஆசிரியை ஒருத்தி தன் வாழ்வினை எடுத்துரைக்கின்றாள். அவள் உரையில் ஆறுதல் மொழி மிகுதி இல்லை, கடுமையே மிகுதி. தோழியும் செவிலியும் ஆற்றிய பணியை ஒருவாறு ஏற்று நிற்பவள் அவள். ஆனால் அவள் கடாவுவது வரைவு அன்று. வாழ்தலையே கடாவுகின்றாள். நூலின் இறுதியில் பாஸ்கர் ராவ் வந்து அழைக்க, ஜமுனா செல்ல மறுக்கின்றாள். மணமும் இல்லை, அவனும் இல்லை, இருப்பிடம் அதே வாடகைப் பகுதி. எனினும் அவள் அங்குக் குடியிருப்பவள் ஆகின்றாள். ஹாலி எய்தாதது அது.

இதனால் தமிழ்நாட்டு அயலார் அன்புடையர், அமெரிக்க அயலார் அன்பிலர் என்னும் முடிவினை எவரும் கொள்ளுதல் கூடாது. 'தண்ணீர்' அத்தகைய மயக்கத்திற்கு இடந்தரும் நூலன்று. அதில் அயலாரின் சிறுமை நன்கு காட்டப்பட்டுள்ளது. பஞ்சம் நீங்கிக் குழாய் உள்ளே வந்திருப்பின் அவ்வாசிரியையும் கதவை அடைத்திருப்பாளோ என்னும் ஐயத்தை யாமும் உடையோம். அவ்வையம் வெற்றையம் அன்று. இன்று சென்னையின் அடுக்ககங்களில் தண்ணீர் மேல்தளம்வரை ஏறி வருகின்றது. கணினிப் பணிக்கு வந்த இளையோர் பலர் தனித்தும் நண்பரோடும் அங்குக் குடியிருக்க விழைகின்றனர். வாயிலில் தொங்கும் வாடகைப் பலகைகளிலோ 'குடும்பத்தினர்க்கு மட்டும்' என்னும் தொடரைக் காணல் அரிதன்று. ஸ்பனெல்லாவின் விண்ணப்பம் குடிபுகுந்தபின் எழுந்தது. நம் பலகை குடிபுகுமுன்னரே எழுகின்றது. இப்பலகையின்கீழ் நின்று பேசும் ஒரு தமிழ்ப் புதினத்தைப் பொருள்செய்து ஆராயும் வாய்ப்பு எமக்கு இன்னும் வாய்த்திலது. முதுகலை மாணவருள் எவரேனும் சிறுகதைத் தொகுதிகளில் அதனைத் தேடுவராயின் பயன் உண்டு. அலர், அம்பல், இற்செறிப்பு என்னும் தலைப்புகளே அத்தேடலுக்குப் போதிய தொடக்கமாகும்.

கபோட்டியின் பூனை பற்றி ஒன்று கூறவேண்டும். நாட்டை விட்டு நீங்கும் நாளில் ஹாலி அதனைத் தெருவில் இறக்கிவிட்டு, உடனே மனம் மாறி ஓடி வந்து தேட, அது காணப்படவில்லை. தான் தேடிக் கண்டுபிடிப்பதாகக் கதை கூறுவான் உறுதி அளிக்கின்றான். பல கிழமைகள் கழித்து ஒரு குளிர்காலப் பிற்பகலில், பூந்தொட்டிகளும் திரைச்சீலைகளும் உள்ள ஒரு சன்னலில், வெதுவெதுப்பான அறை ஒன்றில் அமர்ந்திருக்கும் அதனைக் காண்கின்றான். இப்பொழுது அதற்கு ஒரு பெயர் இருக்கும் என எண்ணுகின்றான். அவ்வறையில் வாழ்வோர் யாவர் என்பதனை அவன் வினவவில்லை. மணியை அழுத்தவும் இல்லை.